துண்டு தேவையில்லை

பயணத்துக்கு மூன்று நாள் முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. கொண்டுவர வேண்டியவை: அட்டை ஏறாத நீளக் காலுறை, மழைக்கோட்டு, இருந்தால் பைனாகுலர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கொண்டுவரக் கூடாதவை: சென்ட், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை, சிப்ஸ் பாக்கெட், ஸ்பீக்கர். கடைசி வரி தடித்த எழுத்தில் தனியாக நின்றது: ‘துண்டு தேவையில்லை.’

அருவிக்குப் போகிறவனைப் பார்த்துத் துண்டு வேண்டாம் என்று சொல்வதை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்கு வாருங்கள், பந்தி கிடையாது என்பது போல இருந்தது.

அறுபது முடிந்ததற்கு மகள் கொடுத்த பரிசு இது. மற்ற அப்பாக்களுக்குத் திருக்கடையூர் வாய்க்கும். எனக்கு வாய்த்தது வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளிக்கு ஒருநாள் ‘மழைக்காட்டு அருவிகள் அனுபவம்’. எட்டே பேர், ஒரு டெம்போ டிராவலர், கூடவே ஒரு இயற்கை வழிகாட்டி. தலைக்கு 4,500 ரூபாய். “எட்டுப் பேருக்கு மேலே ஒருத்தரைக்கூடச் சேர்க்க மாட்டாங்களாம்ப்பா” என்றாள் பெருமையாக. ஆள் சேரச் சேரத் தலைக்கு வரும் செலவு குறையும் என்று கணக்குப் போட்டு வளர்ந்தவன் நான். ஆள் குறைவதற்கே காசு வாங்குகிற வித்தை என் காலத்துக்குப் பிறகு வந்தது.

நான் வால்பாறையில் பிறந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள். அப்பா அங்கே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தார். பிறந்த ஊரைச் சுற்றிக் காட்ட வெளியூர்க்காரனுக்குப் பணம் கட்டுவதில் இருக்கும் வேடிக்கை மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் சொன்ன எல்லாவற்றையும் பையில் வைத்து, அடியில் ஒரு ஈரோட்டுத் துண்டையும் மடித்து வைத்தேன்.

அதிரப்பள்ளிக்கு நான் முதன்முதலில் போனது 1987 அக்டோபர் 2. தேதி மறக்காததற்குக் காரணம் காந்தி. எஸ்டேட்டுக்கு லீவு, பிராந்திக் கடைக்கும் லீவு. இந்த இரண்டாவது லீவை முன்கூட்டியே யோசித்து முதல்நாளே ஏற்பாடு செய்துவைத்தவர்கள் லாரியில் பின்பக்கமாக உட்கார்ந்தார்கள். மூட்டையும் கொழுந்தும் ஏற்றுகிற லாரி. 47 பேர். தலைக்கு 12 ரூபாய், சாப்பாடு உட்பட. வழிகாட்டி என்று ஒருவர் இருந்தாரென்றால் அது லாரி கிளீனர்தான். கேபின் கூரையில் தட்டி, “தலை, தலை” என்று கத்துவார். கிளை வருகிறது, குனியுங்கள் என்று அர்த்தம். அன்று காட்டைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த விளக்கவுரை அவ்வளவுதான், ஆனால் அதில் ஒரு சொல்கூட வீணில்லை.

நாங்கள் அருவி பார்க்கப் போகவில்லை. பாறை பார்க்கப் போனோம். 1986 தீபாவளிக்குப் பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ வந்திருந்தது. படத்தின் தொடக்கத்தில் கமலும் ரேகாவும் அருவியின் உச்சியிலிருந்து குதிப்பார்கள். ரேகா போய்விடுவார், கமல் மரக்கிளையில் சிக்கிப் பிழைத்துக்கொள்வார். பொள்ளாச்சிக்கு இறங்கிப்போய் அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் லைன் வீடுகளில் இளவட்டங்களுக்குத் தூக்கமில்லை. அந்த இடம் நம் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஆற்றின் பெயர் சாலக்குடிப் புழை என்பதோ, எங்கள் சோலையாற்றுத் தண்ணீரும் அதில்தான் கலக்கிறது என்பதோ எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், அதற்குப் பெயர் புன்னகை மன்னன் ஃபால்ஸ்.

மலக்கப்பாறை தாண்டியதும் காடு. அது மழைக்காடு என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு மழை வேறு, காடு வேறு; இரண்டும் தனித்தனி இடைஞ்சல்கள். மழை வந்தால் கொடியில் துணி காயாது. காடு இருந்தால் யானை வரும், யானை வந்தால் ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசியைத் தின்றுவிட்டுப் போகும். பிராணி சாத்திரத்தில் எங்களுக்கு இருந்த ஞானமும் இதே தரம்தான். கருங்குரங்கு என்றால் லேகியம். கடமான் என்றால் கறி. இருவாச்சி என்றால் தலைக்கு மேலே இரைச்சல்.

அந்த இரைச்சலை அன்று லாரியிலிருந்து கேட்டோம். புஸ், புஸ் என்று நீராவி இஞ்சின் மூச்சு விடுவதைப் போல. மரக்கூட்டத்துக்கு மேலே எதுவும் கண்ணில் படவில்லை. என் மாமா, அம்மாவுக்கு இளையவர், முதல்நாள் ஏற்பாட்டில் முக்கியப் பங்கு வகித்தவர், எழுந்து நின்று, “ரயில் வருதுடா” என்றார். தண்டவாளமே இல்லாத மலையில் ரயிலா என்று 46 பேரும் சிரித்தோம்.

இந்த முறை சிரிக்க முடியவில்லை. வழிகாட்டிக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். சென்னைப் பையன், வனவிலங்கு உயிரியல் படித்தவன். குரல் உயராது, வண்டியில் எட்டுப் பேருக்கும் காது கூர்மையாகிவிட்டது. பரம்பிக்குளக் காடுகளிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்க அந்தக் காலத்தில் ஒரு டிராம் ரயில் ஓடியது என்றான். கொச்சி சமஸ்தானம் போட்ட பாதை, 1963இல் நிறுத்தினார்கள். ஆக, மாமா சொன்னது தப்புதான், ஆனால் கால் நூற்றாண்டு மட்டுமே தப்பு. இதைச் சொல்ல அவர் இப்போது இல்லை.

பையன் இன்னொன்றும் சொன்னான். 1870களில் வேல்ஸ் இளவரசர் ஆனைமலைக்கு வேட்டைக்கு வருவதாக இருந்ததாம். அவருக்காகவே வழி வெட்டினார்கள், தங்க இடம் கட்டினார்கள் என்று கதை. இளவரசர் வரவில்லை. ஆனைமலைக்காகத் திட்டமிட்ட முதல் சிறுகுழுச் சுற்றுலா ரத்தாகிவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முன்பணம் கட்டியவர்களின் பாடு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் மலையின் ஜனங்களைத்தான் கேட்க வேண்டும்.

காலையில் முதல் நிறுத்தம் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், தீயணைப்புக் குழாயை வைத்து. பெரிய ஆண் ஒன்று பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு, நடுப்பாலத்தில் நின்று எங்களை எண்ணிப் பார்த்தது. எட்டுப் பேர்தான் என்று திருப்தியாகி அப்பால் போனது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சாலையில் எங்களுக்கே பாலம் கிடையாது. ஓடையில் இறங்கித்தான் ஏறுவோம்.

பிறகு ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினான். கண்ணுக்கெட்டிய வரை தேயிலை, சீவிய தலை போல. சென்னை ஜோடி ஒன்று “வாவ்” என்றது. பையன் மெதுவாகத் தலையாட்டினான். “இந்தப் பச்சையப் பார்த்து ஏமாந்துடாதீங்க. இங்கே 1890கள் வரைக்கும் மழைக்காடு இருந்தது. வெட்டிட்டு முதல்ல காப்பி, அப்புறம் தேயிலை. எங்க பார்வையில இது பசுமைப் பாலைவனம்.”

என் அப்பா முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த பாலைவனம். அதில் விளைந்ததைத் தின்றுதான் நான் படித்தேன். கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போனது, ஏனென்றால் பையன் சொன்னது உண்மை. வீட்டு வாசலில் இருந்து பார்த்த அந்தப் பச்சையைத்தான் நான் இத்தனை வருஷம் இயற்கை என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். நடுநடுவே நிற்கும் சில்வர் ஓக் மரம்கூட ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாம். எங்கள் பள்ளி ஆண்டுமலர் அட்டையில் ‘எங்கள் மண்ணின் மரம்’ என்று அதைத்தான் வரைந்திருந்தோம்.

ஆனால் ஒரு குறையை இங்கே எழுதியாக வேண்டும். வெட்டிய மரங்களைக் கணக்குச் சொன்ன பையன், வெட்ட வைக்கப்பட்டவர்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கங்காணிகளின் பேச்சை நம்பிச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள், மலேரியாவிலும் குளிரிலும் போனவர்கள், கடன் தீராமல் இறங்க முடியாமல் இருந்தவர்கள். எஸ்டேட் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் அதை 1969இல் ‘ரெட் டீ’ என்று நாவலாக எழுதினார். தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்தது. 2013இல் பாலா எடுத்த ‘பரதேசி’ படத்துக்கும் அதுதான் மூலம். என் தாத்தா அப்படி ஏறி வந்தவர்தான். சுற்றுலாவில் சிறுத்தைக்கு ஒதுக்கியது இருபது நிமிஷம். தாத்தாவுக்கு ஒதுக்க நிமிஷம் இல்லை. அவருக்குப் புள்ளி இல்லையே.

“அங்கிள், உங்களுக்கு எந்த ஊர்?” என்று ஜோடியில் அந்தப் பெண் கேட்டாள். “கோயம்புத்தூர்” என்றேன். பென்ஷன் வாங்குகிற ஊர் அதுதான், பொய்யில்லை.

செக்போஸ்ட்டில் வண்டியை ஓரம் கட்டினார்கள். காவலர் உள்ளே ஏறி, ஒவ்வொரு பையாகத் திறக்கச் சொல்லிப் பிளாஸ்டிக்கை எண்ணினார். பாட்டில் 9, கவர் 4, பிஸ்கட் பாக்கெட் 2. துண்டுச் சீட்டில் எழுதி, நேரத்தையும் குறித்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் இறங்கும்போது எண்ணிக்கை குறையக் கூடாது; வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது; ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாலும் கேள்வி வரும். என் பையில் கையை விட்டவர் துண்டைத் தொட்டார், எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். எழுதவில்லை.

1987இல் நாங்கள் கொண்டுபோனது மூன்று பெட்டி கோலி சோடா, இரண்டு அண்டா, ஒரு ஆட்டுக்கடா. கடாவை உயிரோடு கொண்டுபோனோம். திரும்பும்போது அது இல்லை. யாரும் எண்ணவில்லை. சோடா பாட்டில்களில் எத்தனை திரும்பி வந்தன என்று கேட்டால் தலை குனிவேன். உடைந்தவை பாறை இடுக்கில் கிடந்தன, அடுத்து வந்தவர்களின் காலுக்காக. விறகுக்குக் காட்டையே கேட்டோம், காடு கொடுத்தது. அதனால் அந்தக் காவலர் என் பையைக் குடையும்போது எனக்குக் கோபம் வந்திருந்தால் அது நியாயமாகாது. என்னைப் போன்றவர்களை உத்தேசித்துத்தான் அந்தச் சீட்டே அச்சடிக்கப்பட்டது.

வாழச்சால் வந்து இறங்கினோம். அனுமதித்த பாதையில் ஐந்நூறு அடி நடை. பையன் ஒரு மரத்தடியில் நிறுத்தினான். பலகை வேர்கள் சுவர் எழுப்பியது போல நாலாபக்கமும் ஓடின. “இங்கே பத்து நிமிஷம் ஃபாரஸ்ட் பாத்திங் பண்ணலாம்” என்றான்.

மனசு துள்ளியது. கடைசியில் நம் வழிக்கு வந்துவிட்டார்கள் என்று பையைத் திறந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டு, சட்டைப் பித்தானில் கை வைத்தேன்.

“சார், சார், குளிக்கிறது இல்ல சார். சும்மா நின்னு மூச்சு விடணும்.”

ஜப்பானில் 1980களில் தொடங்கிய பழக்கமாம், காட்டில் குளிப்பது என்று பெயர், தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எட்டுப் பேரும் கண்ணை மூடி நின்றோம். துண்டோடு நின்றவன் நான் ஒருவன். அந்தப் பத்து நிமிஷத்தில் என் இடது கெண்டைக்காலில் அட்டை ஒன்று நிதானமாக ஏறி இடம்பிடித்தது. காலுறைக்குள் எப்படிப் போயிற்று என்று அதைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கென்றால் உப்பும் புகையிலையும் கட்டிய கிழியால் ஒரு ஒத்து, சுருண்டு விழும். இன்று பையன் குனிந்து, நகத்தால் அதன் வாயை மெல்ல நெம்பி எடுத்து, ஒரு இலையில் வைத்து, “போய்ட்டு வா” என்று விட்டான். என் ரத்தத்தோடு அது மரியாதையாக வழியனுப்பி வைக்கப்பட்டது.

இருவாச்சியைக் கடைசியில் கண்ணால் பார்த்தேன். அறுபது வருஷம் காதால் மட்டும் அறிந்த பறவை. மஞ்சள் அலகு, அதன் மேல் கவிழ்த்த தொப்பி, வெடிபலா மரத்துக்கு மேலே புஸ், புஸ் என்று போனது. மரப்பொந்துக்குள் பெட்டை தன்னை வைத்து அடைத்துக்கொள்ளும், ஆண் மாதக்கணக்கில் ஒரு கீறல் வழியாகப் பழம் ஊட்டும், ஆண் திரும்பாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதி என்றான் பையன். பெண்கள் எல்லாரும் ஆணைப் புகழ்ந்தார்கள். வாழச்சால் காட்டில் நான்கு வகை இருவாச்சிகள் உண்டு. கூடுகளைக் காவல் காப்பவர்கள் இங்கேயே வாழும் காடர்கள். 1987இல் இதே கதையை ஆற்றோரத்தில் ஒரு காடர் பெரியவர் எங்களுக்குச் சொன்னார், கைச்சாடையோடு, இதைவிடச் சுருக்கமாக. சொல்லி முடித்ததும் எங்கள் கூட்டத்திலிருந்து எழுந்த ஒரே கேள்வி, “கறி எப்படி இருக்கும்?” அவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

மேலே பெரிங்கல்குத்து அணை. அங்கே மின்சாரம் எடுத்துவிட்டு விடுகிற தண்ணீரைப் பொறுத்துத்தான் கீழே அருவியின் கனம் என்றான் பையன். அருவிக்கும் ஷிப்டு உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். இதே ஆற்றில் 163 மெகாவாட்டுக்கு இன்னொரு அணை கட்டும் பேச்சு பல்லாண்டு ஓடியது; காடர்களும் ஊர்க்காரர்களும் எதிர்த்து நின்றார்கள்; சூழலியலாளர் மாதவ் காட்கிலின் குழுவும் 2011இல் வேண்டாம் என்றது. அணை வராததால்தான் நான் இரண்டாவது தடவை பார்க்க ஓர் அருவி மிச்சம் இருந்தது.

மதியச் சாப்பாடு வாழையிலையில் கட்டி வந்தது. ‘பாரம்பரிய, மண்ணுக்குத் தீங்கில்லாத பொதி’ என்று அதைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினான். அம்மா அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அதிரப்பள்ளி உச்சியில் இப்போது வேலி, விசில், காவலர். கமல் நின்ற பாறைக்கு நேரே கை நீட்டினால் விசில். அன்று அந்தப் பாறையில் எங்கள் ஆட்கள் ஜோடி ஜோடியாக நின்றார்கள், ரேகா இல்லாத குறைக்கு ஒருவன் இடுப்பில் கையை வைத்து ரேகாவாக நின்றான். கிளிக் 3 கேமராவில் பன்னிரண்டே படம். கழுவிப் பார்த்தபோது ஒன்பதில் அருவி மட்டும் விழுந்திருந்தது, ஆட்களின் தலை விழவில்லை. ஈரப்பாறையில் வழுக்கி ஒருவரும் விழாதது அவர்களுடைய தாய்மார் செய்த புண்ணியம். விசில் அடித்த காவலரைப் பார்த்து நான் கை கூப்பினேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

கல்பாதையில் அடிவாரத்துக்கு இறங்கினோம். சுமார் 80 அடியிலிருந்து மூன்று கிளையாக விழும் தண்ணீர், கீழே மோதிப் புகையாக எழுந்து வருகிறது. முந்தின இரண்டு நாள் மேலே நல்ல மழை போலிருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் மழைக்கோட்டு போட்டவர், போடாதவர் பேதமில்லாமல் எட்டுப் பேரும் தொப்பலாகிவிட்டோம். சென்னைப் பெண்ணின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஒரு பெரியவர் காதில் கருவி மாட்டியிருந்தார். அதைக் கழற்றித் துடைக்க உலர்ந்த துணி தேடினார். எல்லாரும் பட்டியலைப் படித்தவர்கள்; யாரிடமும் இல்லை.

துண்டை எடுத்தேன். காதுக் கருவி, மூக்குக்கண்ணாடி, இரண்டு செல்போன், ஒரு பெரிய லென்ஸ், பிறகு தலைகள். கை மாறிக் கை மாறிப் போயிற்று. கடைசியில் வழிகாட்டிப் பையன் முகத்தில் நீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். “அங்கிள், அந்தத் துண்டைக் கொஞ்சம்…” காலையிலிருந்து சார் என்று அழைத்தவன்.

1987இல் திரும்பும்போது இருட்டிவிட்டது. எஸ்டேட் வாசலில் இறங்கி எண்ணினால் 46. மாமா இல்லை. பாறை மேல் படுத்துத் தூங்கிப்போயிருக்கிறார். மூன்றாம் நாள் சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார், முகம் தெளிந்து, இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸோடு. பன்னிரண்டு யானை பார்த்ததாகச் சொன்னார்.

இந்த முறை செக்போஸ்ட்டில் எண்ணினார்கள். ஆட்கள் 8, பாட்டில் 9, கவர் 4, பாக்கெட் 2. எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்த பிறகுதான் பார்த்தேன், துண்டைக் காணோம். வெள்ளை ஈரோட்டுத் துண்டு, இரண்டு பக்கமும் சிவப்புக் கரை. அந்த எட்டுப் பேரில் யாராவது இதைப் படித்தால், திருப்பி அனுப்ப வேண்டாம். அடுத்த தடவை அருவிக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்ளுங்கள்.